சம்பந்தி ஒரு தரம்தான் சொன்னார்

என் சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் முழுதாக உட்கார மாட்டார். முன்விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் முட்டிமேல் வைத்துக்கொள்வார். முதுகு சாய்ந்து நான் பார்த்ததே இல்லை. சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டாகத் தனியே ஆடியாடிப் போய் ஓய்வு பெற்ற மனிதர், அங்கேயாவது சாய்ந்து உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அவர் பெண்ணைக் கொடுத்தவர். அதை ஒரு நாளும் அவர் மறக்கவில்லை. காபி ஆறிப்போயிருந்தாலும் நன்றாக இருக்கிறது என்பார். மழையைப் பற்றியோ தேர்தலைப் பற்றியோ நான் எதையாவது சொன்னால், "நீங்க சொன்னா சரிதான் சம்பந்தி" என்று முடித்துவிடுவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என் மகனின் மாமனார் என்பதைத் தவிர எனக்கு எந்த விதத்திலும் கடமைப்பட்டவர் இல்லை. ஆனாலும் அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அதை இப்போதாவது ஒளிக்காமல் எழுத வேண்டும்.

நான் திருப்பத்தூரில் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன். வெயிலில் சங்கிலி பிடித்து வரப்பு வரப்பாக நடந்தே காலத்தை ஓட்டியவன். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் மனைவி போய்விட்டாள். அதன் பிறகு முன்னறையில் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். மகனுக்குப் பெங்களூரில் வேலை. திங்கள் காலை ரயிலேறினால் வெள்ளிக்கிழமைதான் திரும்புவான். மற்ற நாட்களில் வீட்டில் நானும் மருமகளும் மட்டும். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. காலையில் என் மாத்திரையையும் சாப்பாட்டையும் எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புவாள். மாலையில் அவள் திரும்பி வரும்போது நான் அதே நாற்காலியில், அதே சட்டையில் இருப்பேன். "மாமா, கொஞ்சம் வெளிய போய்ட்டு வரலாம்ல" என்பாள். எங்கே போவது, எதற்குப் போவது என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிடுவேன்.

அப்படியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து ஜோலார்பேட்டையிலிருந்து வந்த சம்பந்தி தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். "சம்பந்தி, நீங்க சர்வே பாத்தவரு. அட்சரேகை தீர்க்கரேகைன்னு போட்டிருக்குதே, இது இன்னா கணக்கு?" என்று கேட்டார். அதுதான் ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை மலையிலோ பாழடைந்த மண்டபத்தின் பக்கத்திலோ ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் போட்டுவிடுவார். அதைப் பார்த்து மற்றவர்கள் கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு தேடிப் போக வேண்டும். டப்பாவுக்குள் ஒரு சின்ன நோட்டு இருக்கும். கண்டுபிடித்தவர் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, இருந்தபடியே ஒளித்து வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு எதுவும் கிடையாது. வளர்ந்த மனிதர்கள் இதற்கா மெனக்கெடுவார்கள் என்றுதான் முதலில் கேட்டேன். ஆனால் அந்த எண்களைப் பார்த்ததும் பழைய கை துறுதுறுத்தது. டிகிரி, நிமிடம், விநாடி என்று அவருக்கு விளக்கத் தொடங்கி, மத்தியானச் சாப்பாடு ஆறும்வரை விளக்கிக்கொண்டிருந்தேன். மருமகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

அதன் பிறகு மாதத்துக்கு இரண்டு முறையாவது கிளம்பிவிடுவோம். வேலூர்ப் பக்கம் ஒரு குன்று, ஆம்பூரைத் தாண்டி ஒரு பாறை, ஏலகிரியில் ஒரு சரிவு என்று அலைந்தோம். வழியெல்லாம் நான்தான் பேசுவேன். அவர் கேட்டுக்கொண்டு வருவார். தண்ணீர் புட்டி, ரொட்டிப் பொட்டலம், குடை எல்லாம் அவர் பையில் இருக்கும். சுமையைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று நான் ஒப்புக்குச் சொல்வேன், அவர் விட மாட்டார். ஏலகிரியில் மட்டும் ஒன்று நடந்தது. ஒரு மணி நேரம் நான் சாத்துக்குடி மரம் மரமாகச் சுற்றிக்கொண்டிருக்க, ஓய்வாக நின்றிருந்த அவர் தற்செயலாகக் கீழே பார்த்து ஒரு வேலிக்கல்லின் அடியிலிருந்து டப்பாவை எடுத்துவிட்டார். எடுத்ததும் தப்புச் செய்தவர்போல் என்னைப் பார்த்தார். வீட்டில் மகன் இதைச் சொல்லிச் சிரித்தான், "சர்வேயர் கோட்டை விட்டாரு, கார்டு சிக்னல் கொடுத்தாரு" என்று. நானும் சிரித்தேன். ஆனால் அது உள்ளே தங்கிவிட்டது. அற்ப விஷயம்தான். அற்ப விஷயம் ஒரு மனிதனை எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போகும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசியில், ஜவ்வாது மலையில் ஒரு டப்பா இருப்பதை இணையத்தில் நான்தான் தேடிப் பிடித்தேன். புதூர்நாட்டைத் தாண்டி, ஒரு சிற்றூருக்கு மேலேயிருக்கும் பாறை முகட்டில் யாரோ வைத்தது. மூன்று பேர் போய்த் தேடிக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. இதை எடுக்காமல் வரப் போவதில்லை என்று மகனிடமும் மருமகளிடமும் சொன்னேன். சம்பந்தியிடம் தொலைபேசியில் சொன்னேன். மழைக்காலமாயிற்றே, கார்த்திகை கழியட்டுமா என்று மெல்லக் கேட்டார். புதன்கிழமை மழை இல்லை என்று கைபேசியில் போட்டிருக்கிறது என்றேன். "நீங்க சொன்னா சரிதான் சம்பந்தி" என்றார்.

விடிந்ததும் திருப்பத்தூரிலிருந்து ஜீப்பில் ஏறினோம். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு பனிமூட்டம். புதூர்நாட்டில் இறங்கித் தேநீர் குடித்துவிட்டு வேறொரு ஜீப்பில் பாதை முடியும் இடம்வரை போய், அங்கிருந்து நடந்தோம். சிற்றூரைக் கடந்ததும் சாமை வயல்கள். கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. ஏழெட்டுப் பேர் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மாள் நிமிர்ந்து, எங்கே போகிறோம் என்று கேட்டார். சம்பந்தி கொஞ்சம் கூச்சத்தோடு, மேலே ஒரு டப்பா தேடிப் போகிறோம் என்றார். அந்த அம்மாள் எங்கள் நரைத்த தலைகளை மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "மேல பாற வழுக்கும்ங்க. மழ எறங்கறதுக்கு முன்ன வந்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். தெற்கே வானம் வெளுத்துத்தான் இருந்தது.

ஏற்றம் நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. முதல் ஒரு மணி நேரம் புதருக்குள் ஆட்டுத்தடம் போன்ற ஒற்றையடிப் பாதை. அதற்கு மேல் பாதையே இல்லை, பாறையும் புல்லும்தான். சம்பந்தி வழக்கத்தைவிடப் பின்தங்கி வந்தார். இரண்டு முறை நின்று, பையின் வாரை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிக்கொண்டார். காற்று குளிராக அடித்தது. அவர் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. நான் இதையெல்லாம் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்தேன். ஆனால் பார்த்தேன். வயது, என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை என்பதில் ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது.

பதினோரு மணிக்கு மேல் இருக்கும். மேகம் முகட்டைத் தொட்டுக்கொண்டு வரத் தொடங்கியது. அவர் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாடையைக் கையால் நீவிக்கொண்டே சொன்னார், "சம்பந்தி, போதும். இன்னொரு நாளைக்கு வரலாம்."

எங்கள் பழக்கத்தில் அவர் என்னிடம் வேண்டாம் என்று சொன்னது அது ஒன்றுதான். நான் கைபேசியைப் பார்த்தேன். "இன்னும் நூத்தியிருபது மீட்டர்தான் சம்பந்தி. இவ்ளோ தூரம் வந்துட்டு வெறுங்கையோட எறங்கறதா?" என்றேன். அந்த நூற்றிருபது மீட்டர், படத்தில் கோடு இழுத்த தூரம். அந்தச் சரிவில் சுற்றிச் சுற்றி ஏறினால் அதைப் போல மூன்று மடங்கு ஆகும். அளந்தே பிழைத்தவனுக்கு அது தெரியாதா? எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் மேலே ஒரு முறை பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிங்க சம்பந்தி" என்று பின்னால் வந்தார்.

நாற்பது மீட்டர் இருக்கும்போது அவரால் முடியவில்லை. ஒரு பாறை கூரைபோல் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், அடியில் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. இடது கை மரத்தாற்போல் இருக்கிறது என்றார். தண்ணீர் கொடுத்தேன், ஒரு மடக்குக் குடித்தார். திரும்பிவிடலாமா என்று நான் கேட்டேன். கேட்ட விதம் அவருக்குப் புரிந்திருக்கும். என் கண் முகட்டின் மேல்தான் இருந்தது. "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இங்கியே ஒக்காந்துனு இருக்கேன்" என்றார். போனேன். அவரைத் தாங்கிப் பிடித்து அப்போதே இறங்கியிருக்க வேண்டிய நேரத்தில், பாறையைச் சுற்றிப் பின்பக்கம் போய், பொந்து பொந்தாகக் கை விட்டுக் கல்லைப் புரட்டினேன். இருபத்தைந்து நிமிடம். கைக்கடிகாரத்தில் பார்த்தேன், அதனால் தெரியும். நான்கு பேர் சேர்ந்து தேடினாலும் கிடைக்காத விதத்தில், ஒரு பிளவின் அடியில் செருகி, முன்னால் தட்டைக்கல் சாத்தியிருந்தது. பச்சை நிறப் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே நோட்டு ஈரத்தில் ஊறி உப்பியிருந்தது. காய்ந்த ஒரு மூலையில் என் பெயரையும் அவர் பெயரையும் தேதியையும் எழுதினேன். கையெழுத்துக்கூட நன்றாக வந்தது. அவரிடம் காட்டிவிட்டு மீண்டும் வைத்துவிடலாம் என்று டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

அவர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார். கன்னம் கல்லின் மேல் இருந்தது, கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, என் கையைப் பார்த்து, "கெடச்சுதா?" என்று கேட்டார்.

டப்பாவை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. அவரைத் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தேன். வலி நெஞ்சிலிருந்து முதுகுக்குப் போகிறது என்றார். கைபேசியில் ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை. கொஞ்ச தூரம் ஏறி, இறங்கி, கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், இல்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டு ஆள் கூட்டிவரப் போவதைத் தவிர வேறு வழி இல்லை. என் மழைச் சட்டையை அவர்மேல் போர்த்தினேன். தண்ணீர் புட்டியைக் கைக்கு எட்டும்படி வைத்தேன். அவருக்குப் பேச்சு நாலு நாலு எழுத்தாகத்தான் வந்தது. "மெதுவா எறங்குங்க சம்பந்தி. வழுக்கும்" என்றார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மூட்டத்தில் ஐந்தடிக்கு மேல் தெரியவில்லை. வந்த தடம் ஓடையாகிவிட்டது. ஒரு தாலுகாவையே காலால் அளந்தவன், வேறு சரிவில் இறங்கிப் போய், முள்ளுக்குள் மாட்டி, மறுபடியும் ஏறி வந்து வழியைப் பிடித்தேன். சாமை வயலை அடைந்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அறுப்பவர்கள் மழைக்கு ஒரு புளிய மரத்தடியில் ஒதுங்கியிருந்தார்கள். நான் சொன்னது பாதி அவர்களுக்குப் புரிந்திருக்காது, ஆனால் ஒருவரும் இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. காலையில் எச்சரித்த அம்மாள் ஓடிப்போய்த் தன் வீட்டுப் போர்வையைக் கொண்டுவந்தார். ஒரு மூங்கில் கழியில் அதைக் கட்டி டோலி செய்தார்கள். அந்த ஊரில் நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் அப்படித்தான் பாதைவரை தூக்கிப் போகிறார்கள் என்பது அவர்கள் கை போட்ட முடிச்சின் வேகத்திலேயே தெரிந்தது. நால்வர் என்னை முந்திக்கொண்டு ஏறினார்கள்.

நாங்கள் போனபோது உயிர் இருந்தது. கண் மூடியிருந்தது, கூப்பிட்டால் இமை அசைந்தது. டோலியில் கிடத்தி, மழைச் சட்டையை முகத்துக்கு மேலே கூடாரம்போல் பிடித்துக்கொண்டு நான் பக்கத்திலேயே இறங்கினேன். தூக்கியவர்கள் காலை ஊன்றும் இடத்தை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பாதித் தூரம் வந்திருப்போம். முன்னால் பிடித்தவர் நிறுத்தச் சொல்லி, கழியைத் தோளில் வைத்தபடியே திரும்பி, சம்பந்தியின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "முடிஞ்சிடுச்சுங்க ஐயா" என்றார். பிறகு மறுபடியும் தூக்கிக்கொண்டு, முன்பு இறங்கிய அதே கவனத்தோடு, ஒரு குலுக்கல் இல்லாமல் பாதைவரை கொண்டுவந்தார்கள்.

மருத்துவமனையில் டாக்டர், வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். அவரை மேலே விட்டுவிட்டு இறங்குவதற்கு முன் ஒரு பத்து நிமிடம் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. அதற்குப் பிறகு மகன் வந்தான், மருமகள் வந்தாள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னப்பா ஆச்சு என்று மகன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "வேணாம், திரும்பிடலாம்னு சொன்னேன்டா. டப்பாவை எடுத்தே ஆவணும்னு அவருதான் பிடிவாதமா ஏறினாரு" என்றேன்.

அவர் சொன்ன வார்த்தையை என் வாயிலும், என் வார்த்தையை அவர் வாயிலும் மாற்றி வைத்துவிட்டேன். யாரும் சந்தேகப்படவில்லை. அந்த விளையாட்டை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவரே அவர்தானே. அடக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் அதையே சொல்லிக்கொண்டார்கள்: ரிட்டயர் ஆன காலத்தில் அவருக்கு இந்தக் கிறுக்கு எதற்கு? நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ மருமகள் என்னிடம் வந்து, வீங்கிய முகத்தோடு, "எங்கப்பா பிடிவாதத்தால ஒங்களுக்கு எவ்ளோ கஷ்டம் மாமா. மன்னிச்சிடுங்க" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் தலையில் கை வைத்து, விடும்மா என்றேன்.

அந்த ஒரு வருடம் நான் பொய்யோடு எப்படி இருந்தேன் என்று கேட்டால், நன்றாகவே இருந்தேன். அதுதான் கொடுமை. சாப்பிட்டேன், தூங்கினேன், செபமாலை சொன்னேன். என்னைப் பார்த்து எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். தனியாக மழையில் இறங்கி ஆள் கூட்டி வந்தவர் என்று பங்குக் கோயிலில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது. நான் மறுக்கவில்லை.

மறு வருடம் கல்லறைத் திருநாள் வந்தது. மாலைப் பூசைக்கு முன்பே ஜோலார்பேட்டைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மருமகள் கல்லறையைக் கழுவினாள், மகன் பூமாலை போட்டான். சம்பந்தியம்மா மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு நிமிரவில்லை. கணவர் இறந்தபோது அவர் கதறி அழுததாக எனக்கு நினைவில்லை. இறுகிப்போய் இருந்தார். ஏன் என்று அன்றுதான் தெரிந்தது. கல்லறையைப் பார்த்து, பக்கத்தில் நாங்கள் நிற்பதை மறந்தவராக, தாழ்ந்த குரலில் திட்டத் தொடங்கினார். "சம்பந்தி வேணாம்னு சொன்னாரு இல்ல. கேட்டியா நீ? அந்த டப்பாதான் ஒனக்குப் பெருசாப் போச்சா? என்ன நெனச்சியா ஒரு நிமிஷம்?" சொல்லிக்கொண்டே ஈரக் கல்லை உள்ளங்கையால் தட்டினார். ஒரு வருடமாக அந்தப் பெண்மணி, போதும் என்று சொன்ன மனிதரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அழக்கூட முடியாமல் கோபத்தில் இருந்திருக்கிறார். அவருக்குக் கணவர் போனது போதாதென்று, அவர் மேலிருந்த நல்லெண்ணத்தையும் நான் பறித்து வைத்திருந்தேன்.

பூசைக்கு மணி அடித்தது. அவர்களைக் கோயிலுக்குள் போக விடாமல், அந்தக் கல்லறைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். நூற்றிருபது மீட்டர், சாம்பல் நிற முகம், இருபத்தைந்து நிமிடம், கெடச்சுதா என்று அவர் கேட்டது, டாக்டரிடம் சொன்னது, மகனிடம் சொன்னது. எதையும் மென்மையாக்கவில்லை. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சம்பந்தியம்மா மட்டும் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"போதும்னு அவரு சொன்னாரா அண்ணா?"

"சொன்னாரும்மா."

"எத்தன தரம்?"

"ஒரு தரம்."

"அவரு ஒரு தரம்தான் சொல்லுவாரு" என்றார். கொஞ்சம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோல், "அவருக்கு மலை ஏறவே புடிக்காது. மாமா தனியா ஒக்காந்துனே இருக்கறாரு, எங்கியாவது கூட்டினு போப்பான்னு இவதான் கேட்டா. அதுக்காகத்தான் அந்த விளையாட்டத் தேடிப் புடிச்சினு வந்தாரு" என்றார். மருமகள் தலை குனிந்து நின்றாள். சம்பந்தியம்மா கல்லறையின் மேல் அப்படியே கவிழ்ந்து, ஒரு வருடம் கழித்து, அழுதார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதார். நான் தள்ளிப்போய் நின்றுகொண்டேன்.

சம்பந்தியம்மா அதன் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மகன் என்னிடம் தேவைக்குப் பேசுகிறான். மருமகள் எதையும் நிறுத்தவில்லை. மாத்திரை எடுத்து வைக்கிறாள், சாப்பாடு எடுத்து வைக்கிறாள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள். ஆனால் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "சாப்பாடு எடுத்து வெச்சிருக்குது", "தண்ணி வந்துடுச்சு" என்று சுவரிடம் சொல்வதுபோல் சொல்வாள். முன்பெல்லாம் வாய்க்கு வாய் மாமா என்பவள். ஒரு வீட்டுக்குள் ஒரு சொல் இல்லாமல் போனால் அந்த இடம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று இந்த ஒரு வருடத்தில் பார்த்துவிட்டேன்.

இந்த ஐப்பசியில் ஒரு சனிக்கிழமைக் காலை, அவள் செருப்பை மாற்றிக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அந்த இடத்தைக் காட்ட வேண்டும் என்றாள். மகனுக்கு இதில் விருப்பமில்லை, ஆனாலும் வண்டி ஏற்றிவிட்டான். அதே ஜீப், அதே பாதை. சாமை இந்த முறை அறுத்து முடிந்து, தாள் மட்டும் நின்றது. அந்த அம்மாளின் வீட்டில் ஒரு புதுப் போர்வையை மருமகள் கொடுத்தாள். அவர் வாங்க மறுத்தார். பிறகு, "பொணம் சுத்தின போர்வயத் திருப்பிக் கேக்கறோம்னு நீங்க நெனச்சிடக் கூடாதுன்னுதாங்க வேணாம்னேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். எனக்கு இப்போது மூச்சு வாங்கியது. பல இடத்தில் நின்று நின்று ஏறினேன். அவள் முன்னால் போய்க் காத்திருந்தாள்.

கூரைப் பாறைக்கு வந்ததும் கை காட்டினேன். அவர் உட்கார்ந்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள். கல்லைத் தடவிப் பார்த்தாள். கன்னம் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டாள், சொன்னேன். ரொம்ப நேரம் கீழே வயல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க டப்பா தேடின எடத்துக்குப் போங்க. போய் அங்கியே நில்லுங்க" என்றாள்.

ஏன் என்று கேட்கவில்லை. பாறையைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். அந்தப் பிளவு அப்படியே இருந்தது. தட்டைக்கல் விழுந்து கிடந்தது. டப்பா இல்லை, நான் எங்கே எறிந்தேனோ. காற்று அன்று போலவே அடித்தது. அங்கிருந்து அவள் தெரியவில்லை, பாறை மறைத்தது. எவ்வளவு நேரம் நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

"மாமா."

ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல். விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன், முட்டி பாறையில் இடித்துக்கொண்டது. அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவள் அதே இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சும்மா."

"நான் கத்தல. சும்மா பேசற மாதிரிதான் கூப்ட்டேன்." அவள் கண்கள் கலங்கவில்லை. "அவரு கூப்புட முடியாமப் போயிருக்கும்னு நெனச்சினு இருந்தேன். நீங்க திரும்பி வந்தப்ப கெடச்சுதான்னு கேட்டாரே. அப்ப கொரல் இருந்திருக்குது."

 எதிரே இருந்த கல்லில் உட்கார்ந்தேன். இத்தனை நாளும் நான் நினைத்ததெல்லாம் நான் போன இருபத்தைந்து நிமிடத்தைத்தான். அவர் அங்கே இருந்த இருபத்தைந்து நிமிடத்தை நினைக்கவில்லை. வலி ஏற ஏற, நாற்பது மீட்டரில், நான் கல்லைப் புரட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, சம்பந்தி தேடிக்கொண்டிருக்கிறார், தொந்தரவு செய்யக்கூடாது என்று அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

மருமகள் எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு முன்னால் இறங்கத் தொடங்கினாள். வழுக்கும் பாறை வந்த இடத்தில் மட்டும், நான் கடந்து வரும்வரை, திரும்பிப் பார்க்காமல் நின்றாள்.